ஆங்கிலத்தில் வழங்கும் பிரெஞ்சுச் சொற்கள்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பேச்சு ஆங்கிலப் பயிற்சி மையங்களை நடத்துவோருக்கும், ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளில் நடுவர்களாக அமர்வோருக்கும் வணக்கம்.

ஆங்கில ஒலியியலும் பிரெஞ்சும் கற்பிக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆங்கிலத்தில் உள்ள பிரெஞ்சுச் சொற்களை ‘ஒலிக்காத எழுத்துகள்’ என்ற ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத்துக்குள் எந்தக் காலத்தில் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வந்த காலம் தெரிந்தால் உச்சரிப்பில் பெரும்பகுதி தானே விளங்கிவிடும்.

தேசிய மாணவர் படையின் ஆங்கிலப் பெயரையே எடுத்துக்கொள்வோம்: நேஷனல் கடெட் கோர். பின்னிரண்டு சொற்களும் பிரெஞ்சிலிருந்து வந்த படைத்துறைச் சொற்கள். கடெட்டின் கடைசி ‘டி’ ஒலிக்கிறது. கோரின் கடைசி இரண்டு எழுத்துகளான ‘பி’யும் ‘எஸ்’ஸும் ஒலிப்பதில்லை. எழுத்துக் கூட்டி ‘கார்ப்ஸ்’ என்று படிக்கும் மாணவர், பிணத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லைச் சொல்லிவிடுகிறார். ‘பிரெஞ்சுச் சொல்லில் கடைசி எழுத்து ஒலிக்காது’ என்ற விதியைப் பிடித்துக்கொண்டவர் ‘கடே’ என்கிறார். இரண்டு பிழைக்கும் காரணம் மாணவரின் கவனக்குறைவு இல்லை, நாம் கொடுத்த விதி.

அந்த ஒற்றை வரி விதி பாலே நடனத்துக்கும் பஃபே விருந்துக்கும் பொக்கே மலர்க்கொத்துக்கும் பொருந்துகிறது. பட்ஜெட், டாய்லெட், புல்லட், கேபினெட் ஆகியவையும் பிரெஞ்சு வழி வந்தவைதாம். எழுதும்போது அதே ‘இ-டி’ முடிவுதான். ஆனால் இவற்றில் ‘டி’ தெளிவாக ஒலிக்கிறது. சிலவற்றுக்குப் பிரெஞ்சிலேயே ‘டி’க்குப் பின்னால் இன்னோர் ‘இ’ இருந்தது, அதனால் அங்கும் அது ஒலித்தது. மற்றவை நெடுங்காலம் ஆங்கிலேயர் வாயில் புழங்கி முழு ஆங்கிலச் சொற்களாகிவிட்டன. பாலேயும் பொக்கேயும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில், பிரான்சின் நடை உடை பாவனையோடு வந்து சேர்ந்தவை. அவை பிரெஞ்சு ஒலியைத் தக்கவைத்துக்கொண்டன.

வரலாற்றை ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். 1066இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அரசவை, நீதிமன்றம், நிலம், வரி, மேல்தட்டுச் சமையல் எல்லாவற்றிலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்ற சட்டம் 1362இல்தான் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. அந்த நூற்றாண்டுகளில் நுழைந்த டேபிள், ச்சேர், ஜட்ஜ், மேரேஜ், வில்லேஜ், பீஃப் போன்றவற்றை இன்று யாரும் அயற்சொல் என்று நினைப்பதில்லை. அழுத்தம் முதல் அசைக்கு வந்துவிட்டது, ஒலி முழுக்க ஆங்கிலம். மாணவருக்கு இவற்றில் சிக்கலும் இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘சி-எச்’ எழுத்துகள் நம் ‘பச்சை’யில் வரும் ச்ச ஒலியைத்தான் குறித்தன. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஷ என்று மென்மையாக்கிவிட்டார்கள். அதற்கு முன் ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் பழைய ஒலியோடு தங்கிவிட்டன: ச்சேர், ச்சேம்பர், ச்சான்ஸ், ச்சீஃப். பின்னால் போனவை ஷ ஒலியோடு போயின: மெஷீன், ஷாம்பெய்ன், பாராஷூட், ப்ரோஷர், ஷெஃப். தலைவரைக் குறிக்கும் ச்சீஃபும் சமையல் தலைவரைக் குறிக்கும் ஷெஃபும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான், இரண்டு முறை கடன் வாங்கப்பட்டது. இந்த ஒரு ஜோடியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும், மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதைவிட நம்மூருக்கு நெருக்கமான ஜோடி ஹாஸ்டலும் ஹோட்டலும். ஹாஸ்டல் இடைக்காலத்தில் வந்தது, அப்போது பிரெஞ்சில் ‘எஸ்’ ஒலித்தது. பிறகு அந்த ‘எஸ்’ பிரெஞ்சில் மறைந்தது. அதன் இடத்தைக் காட்ட ‘ஓ’வின் தலையில் கூரை போன்ற ஒரு குறியை இட்டார்கள். அப்படி ‘எஸ்’ உதிர்ந்த வடிவம் பின்னாளில் ஆங்கிலத்துக்கு மறுபடி வந்தபோது ஹோட்டலாயிற்று. காட்டைக் குறிக்கும் ஃபாரஸ்ட், விருந்தைக் குறிக்கும் ஃபீஸ்ட், விலங்கைக் குறிக்கும் பீஸ்ட் மூன்றிலும் ஆங்கிலம் இன்றும் சொல்லும் ‘எஸ்’, பிரெஞ்சில் கூரைக் குறியாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

இதே பழைய, புதிய பிரிவினை வேறு எழுத்துக் கூட்டங்களிலும் உண்டு. ‘ஏ-ஜி-இ’ முடிவு பழைய சொற்களில் ‘இஜ்’: வில்லேஜ், டேமேஜ், மெசேஜ், மேரேஜ். புதியவற்றில் நீண்ட ‘ஆ’ வரும்: மசாஜ், சபோடாஜ், கேமஃப்ளாஜ், மோன்டாஜ். ‘ஓ-ஐ’ பழையவற்றில் ‘ஆய்’ போல ஒலிக்கும்: பாயின்ட், வாய்ஸ், ஜாயின். புதியவற்றில் ‘வா’: மெம்வார், ரெசர்வ்வார், ரெபர்ட்வார். ‘க்யூ-யூ’ பழையவற்றில் ‘க்வ’: க்வெஸ்சன், க்வாலிட்டி. புதியவற்றில் வெறும் ‘க’: பொக்கே, பூட்டீக், டெக்னீக். வினாப்பட்டியலைக் குறிக்கும் க்வெஸ்சனேர் புதிதாக வந்தபோது ‘கெஸ்’ என்று தொடங்கியும் சொல்லப்பட்டது. இப்போது க்வெஸ்சனோடு ஒத்துப்போய் ‘க்வெஸ்’ என்றே தொடங்குகிறது. கராஜ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் காரோடு வந்தது. பிரிட்டனில் பலர் அதை வில்லேஜுக்கு எதுகையாக ‘இஜ்’ என்று முடிக்கிறார்கள். புதிய சொல் பழைய வரிசைக்கு நகர்வதை நம் காலத்திலேயே பார்க்க முடிகிறது.

ஒலிக்காத எழுத்துகளின் பட்டியலில் கடனைக் குறிக்கும் டெட், ஐயத்தைக் குறிக்கும் டவுட், ரசீதைக் குறிக்கும் ரிசீட் ஆகியவற்றையும் பொக்கே, ஆட்சிக்கவிழ்ப்பைக் குறிக்கும் கூ வகையறாவோடு சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து பிரித்துவிடுங்கள். டெட், டவுட் இரண்டும் பிரெஞ்சிலிருந்து ‘பி’ இல்லாமலே வந்தன. லத்தீன் மூலத்தில் அந்த எழுத்து இருப்பதைக் காட்டப் படித்தவர்கள் பின்னால் எழுத்தில் மட்டும் செருகினார்கள். ரிசீட்டில் இன்னொரு ‘பி’ புகுந்த கதையும் அதுவே. அந்த எழுத்துகள் ஆங்கில நாவில் ஒலித்து ஓய்ந்தவை அல்ல. கூவின் கடைசி எழுத்தோ பிரெஞ்சில் ஒரு காலத்தில் ஒலித்துப் பின் ஓய்ந்தது. காரணம் வேறாக இருக்கும்போது விதியும் வேறுதான்.

பின்னாளில் வந்த புதிய அடுக்குச் சொற்களுக்கு மட்டும் ஓர் எளிய விதி உண்டு. சொல்லின் கடைசியில் மெய்யெழுத்து தனியாக நின்றால் பெரும்பாலும் ஒலிக்காது: கூ, டெப்ரி, டெபூ, ராண்டேவூ, க்ராண்ட் ப்ரீ. விதிவிலக்கு சி, ஆர், எஃப், எல் என்ற நான்கு எழுத்துகள். கேர்ஃபுல் என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள மெய்யெழுத்துகள் இவைதாம் என்று சொன்னால் நினைவில் நிற்கும். ஷீக், டெக்கார், ஷெஃப், ஹோட்டல் என்று அவை ஒலிக்கும். இந்த விதிவிலக்குக்குள்ளும் ஒரு விலக்கு: ‘ஐ-இ-ஆர்’ அல்லது ‘ஒய்-இ-ஆர்’ முடிவு. டாசியே என்றும் ஃபாயே என்றும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் ஃபாயர் என்பார்கள். ப்ரீமியர் இதே முடிவைக் கொண்டிருந்தும் ஆங்கிலத்தில் ‘ப்ரீமியே’ ஆவதில்லை.

விதியின் மறுபாதியைத்தான் நாம் கற்பிக்காமல் விடுகிறோம். மெய்யெழுத்துக்குப் பின் ஓர் ‘இ’ எழுதியிருந்தால் அந்த மெய் கட்டாயம் ஒலிக்கும். ஃபினெஸ், குஸீன், ஃபசாட். சமையற்கூடத்தில் வேலைக்கு முன் எல்லாவற்றையும் நறுக்கி அளந்து எடுத்துவைப்பதைக் குறிக்கும் மீஸ் ஆன் ப்ளாஸ். கேட்டரிங் மாணவர்கள் இதை ‘மீ ஆன் ப்ளா’ என்று சொல்லக் கேட்கிறோம். ‘கடைசி எழுத்து ஒலிக்காது’ என்ற பாதி விதியின் விளைவு அது. தலைமைச் சமையற்காரருக்கு அடுத்தவரைக் குறிக்கும் சூ ஷெஃப்பில் முதற்சொல்லின் ‘எஸ்’ தனியாக நிற்கிறது, ஒலிக்காது. மீஸில் ‘எஸ்’ஸுக்குப் பின் ‘இ’ நிற்கிறது, ஒலிக்கும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள்.

பாதி விதியால் வரும் பிழையில் மிகப் பரவலானது இறுதி அடியைக் குறிக்கும் தொடர்: கூ ட க்ராஸ். பிரெஞ்சு தெரிந்தவர்போல் ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில் இதை ‘கூ ட க்ரா’ என்கிறார்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும்கூட. க்ராஸ் என்றால் கருணை. துன்புறும் உயிரைக் கருணையோடு முடித்துவைக்கும் அடி. ‘எஸ்’ ஒலியை விட்டால் கொழுப்பு என்று பொருள்படும் சொல்லாகிவிடும். உருளைக்கிழங்கும் வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்கும் சேர்த்துச் செய்யும் விஷிஸ்வாஸ் சூப்பையும் கடைசி ஒலியை வெட்டி ‘விஷிஸ்வா’ என்பது இதே வகை. எழுத்தைப் பார்த்துப் படிப்பதும் மிகையாகப் பிரெஞ்சாக்குவதும் எதிரெதிர்ப் பிழைகளாகத் தோன்றலாம். இரண்டும் சொல்லின் உண்மையான வடிவத்தைக் கேட்டறியாமல் ஊகிப்பதால் வருகின்றன.

இனி ஒலி. பிரெஞ்சு தந்த ஒலிகளில் தமிழ் மாணவருக்கு உண்மையிலேயே கடினமானது ஒன்று உண்டு. அதை இந்த மடலில் ஃஜ என்று எழுதுகிறோம். பெய்ஃஜ் நிறம், ரூஃஜ் பூச்சு, ரெஃஜீம், கலை வகையைக் குறிக்கும் ஃஜான்ர ஆகியவற்றில் வருவது. உச்சரிப்பு அகராதிகளில் மூன்று என்ற எண்ணைப் போன்ற, வாலுள்ள குறியால் காட்டுவார்கள். தமிழ் நா இதை ஜ ஆக்கும், இல்லாவிட்டால் ஷ ஆக்கும். ஜ சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தை ஒரு கணம் தொட்டு அடைத்துப் பிறகு விடுகிறது. ஃஜ சொல்லும்போது தொடவே கூடாது.

பழக்கும் முறை இது. தொண்டையில் இரண்டு விரல் வைத்து, ஷ் என்று ஐந்து விநாடி நீட்டச் சொல்லுங்கள். தொண்டை அதிராது. நாக்கையும் உதட்டையும் இம்மியும் நகர்த்தாமல், காற்றை நிறுத்தாமல், குரலை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். விரலுக்கு அதிர்வு தெரியும். அதுதான் ஃஜ். நீட்ட முடியவில்லை, வெடித்து நின்றுவிடுகிறது என்றால் நாக்கு மேலே தொட்டுவிட்டது, ஜ ஆகிவிட்டது. நீட்ட முடிகிறது, ஆனால் அதிர்வு இல்லை என்றால் இன்னும் ஷவில்தான் நிற்கிறார். ஒலி வந்த பிறகு சொல் நடுவில் பழக்குங்கள்: மெஃஜர், விஃஜன், ப்ளெஃஜர். அங்கே இரு பக்கமும் உயிர் இருப்பதால் எளிது. ஓய்வைக் குறிக்கும் லெஃஜரும் கணக்குப் பேரேட்டைக் குறிக்கும் லெஜரும் பிரிட்டிஷ் வழக்கில் இந்த ஓர் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன; காதுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. அதன்பின் சொல் முதலில் ஃஜான்ர, கடைசியாகச் சொல் இறுதியில் பெய்ஃஜ். இறுதியில் நம் மாணவர்கள் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘பெய்ஜு’ என்பார்கள். தமிழ்ச் சொற்கள் வல்லினத்தில் முடியாததால் வரும் இயல்பு அது. கடைசி ஒலியை மூச்சு தீரும்வரை நீட்டி, தீர்ந்ததும் அப்படியே நிறுத்தினால் உகரம் விலகும்.

மதிப்பெண் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கராஜில் ஃஜவுக்குப் பதிலாக ஜ சொல்வதை அகராதிகள் ஏற்கின்றன. பெய்ஃஜிலும் ரூஃஜிலும் பெரும்பாலானவை ஏற்பதில்லை. எல்லாவற்றிலும் ஃஜ கேட்டு மாணவரை வதைக்கவேண்டாம்.

மூக்கொலி உயிர்களுக்கோ நாம் பயப்பட வேண்டியதே இல்லை. ‘அவன் வந்தான்’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ன் ஒலியில் நாக்கு மேலே படுவதில்லை, உயிரே மூக்கு வழியாக ஒலிக்கிறது. ‘மரம்’, ‘பணம்’ எல்லாவற்றிலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஆங்கிலேயரைவிட எளிது. ஆனால் ஆங்கிலம் பேசும்போது இது தேவையில்லை. ஆன்ட்ரப்ரனர், ஆன்சாம்பிள், ஆன் ரூட் என்று சாதாரண ன் ஒலியோடு சொல்வதே ஆங்கில வழக்கு. ஆங்கில வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் முழுப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லக் கற்பிப்பது கேட்பவரைத் தடுமாற வைக்கும். நாம் கற்பிப்பது ஆங்கிலம். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்களோ அதுவே நமக்குச் சரி.

அழுத்தத்துக்கு வருவோம். தமிழில் அசை அழுத்தம் பொருளை மாற்றாததால் மாணவர் காது அதைத் தேடுவதில்லை. ஒழுக்கத்தைக் குறிக்கும் மாரலில் அழுத்தம் முதல் அசையில். மனவுறுதியைக் குறிக்கும் மொராலில் இரண்டாம் அசையில். பிரெஞ்சில் மனவுறுதிக்கான சொல்லின் கடைசியில் ‘இ’ கிடையாது. அழுத்தம் கடைசியில் விழுவதைக் காட்டவும் மாரலிலிருந்து பிரித்தறியவும் ஆங்கிலேயர்தாம் அதைச் சேர்த்தார்கள்.

புதிய அடுக்குச் சொற்களில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிகின்றன. பாலே, கஃபே, கராஜ், மசாஜ், க்ளீஷே, ப்ரோஷர், டெப்ரி எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் அழுத்தம் முதல் அசையில், அமெரிக்க அழுத்தம் கடைசி அசையில். பொக்கேயில் இரு பக்கமும் கடைசி அசை. சமையலறை முதல் விமான நிலையம் வரை இரண்டு வழக்கும் காதில் விழும் ஊரில் வாழ்கிறோம். எதையும் பிழை என்று வெட்டாதீர்கள். ஒரே பேச்சில் இரண்டையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். சில விகுதிகள் இரு நாட்டிலும் அழுத்தத்தைத் தம் பக்கம் இழுக்கும்: எஞ்சினியரில் ‘ஈர்’, எம்ப்ளாயீயில் ‘ஈ’, பிக்சரெஸ்கில் ‘எஸ்க்’, டெக்னீக்கில் ‘ஈக்’. ‘எட்’ என்று முடியும் சொற்களை மட்டும் நம்பவேண்டாம். எடிகெட்டிலும் ஆம்லெட்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான். அகராதியில் சிறு செங்குத்துக் கோடு அழுத்த அசைக்கு முன்னால் நிற்கும்; சில அமெரிக்க அகராதிகள் பின்னால் இடுவதுண்டு. அகராதியின் முன்பக்க விளக்கத்தைப் படிக்காமல் கோட்டை மட்டும் பார்த்தால் தலைகீழாகக் கற்பித்துவிடுவோம்.

படைப் பதவிகளில் இரண்டு சொற்களுக்கு விதி தேடாமல் நேராகச் சொல்லிக்கொடுங்கள். கர்னல் இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் முதல் ‘எல்’ ஒரு காலத்தில் ‘ஆர்’ ஆகியிருந்தது. ஆங்கிலம் எழுத்தைப் பின்னால் ‘எல்’லுக்குத் திருத்திக்கொண்டது, ஒலியை ‘ஆர்’ வடிவத்திலேயே வைத்துக்கொண்டது. மற்றொன்று பிரிட்டனிலும் இந்தியப் படைகளிலும் லெஃப்டெனன்ட், அமெரிக்காவில் லூடெனன்ட். புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் பதவியின் ஆங்கிலப் பெயருக்கும் நம் நாட்டில் முதல் வடிவமே.

உச்சரிப்போடு விட்டுவிடாதீர்கள். வழக்கில் நடக்கும் பிழைகள் அதைவிட அதிகம். உணவகம் நடத்துபவரை ரெஸ்டரான்டர் என்று எழுதுகிறார்கள். ரெஸ்டரட்டர் என்பதே சொல், அதில் ‘என்’ கிடையாது. ஊட்டம் தருவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து அப்படிச் செய்பவரின் பெயர் தனியாகப் பிறந்தது, ரெஸ்டரான்ட்டோடு விகுதி சேர்த்து ஆக்கியதில்லை. ஆன்ட்ரே என்றால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முதலில் பரிமாறும் சிறு உணவு, அமெரிக்காவில் முதன்மை உணவு. வெளிநாட்டு விருந்தினருக்குப் பரிமாறப் போகும் மாணவருக்கு இதைச் சொல்லாமல் அனுப்பக்கூடாது. அழைப்பிதழில் ஆர்-எஸ்-வி-பி என்று போட்டுவிட்டு முன்னால் ப்ளீஸ் சேர்க்கத் தேவையில்லை. ‘தயவுசெய்து பதிலளியுங்கள்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகளே அவை. தயவு அதற்குள்ளேயே இருக்கிறது. மணமகனாகப் போகிறவருக்கு ஃபியான்சேயில் ஒரு ‘இ’, மணமகளாகப் போகிறவருக்கு இரண்டு ‘இ’. ஒலியில் வேறுபாடு இல்லை.

பன்மையில் பெரிய குழப்பம் இருக்கிறது. கோர், ராண்டேவூ, சபையில் செய்யும் தவற்றைக் குறிக்கும் ஃபோ பா, வண்டியின் அடிச்சட்டத்தைக் குறிக்கும் ஷாசி ஆகியவை பன்மையிலும் அதே எழுத்தில்தான் எழுதப்படும். ஒருமையில் கடைசி ‘எஸ்’ மௌனம், பன்மையில் அதே ‘எஸ்’ ஒலிக்கும், அதுவும் அதிர்வுள்ள எஸ்ஸாக. ப்யூரோ, ப்ளாட்டோ, ஷாட்டோ போன்ற ‘இ-ஏ-யூ’ சொற்களுக்குப் பன்மையில் ‘எக்ஸ்’ போட்டாலும் ‘எஸ்’ போட்டாலும் உச்சரிப்பு ஒன்றே, அந்த அதிர்வுள்ள எஸ். படைநீதிமன்றத்தைக் குறிக்கும் கோர்ட் மார்ஷலில் பெயர்ச்சொல் முன்னால், அடைமொழி பின்னால், பிரெஞ்சுச் சொல்வரிசை. ஆகவே பன்மை விகுதி கோர்ட்டோடு சேரும். செக்ரட்டரி ஜெனரல், நோட்டரி பப்ளிக் இரண்டுக்கும் அதுவே.

வேறொரு குழுவையும் தனியாகக் குறித்துக்கொடுங்கள்: ஆங்கிலத்தில் பிரெஞ்சாகத் தோன்றி, பிரான்சில் அப்படி வழங்காதவை. இன்னொரு முறை பாடச் சொல்லி ஆங்கிலேயர் ‘ஆன்கோர்’ என்று கூவுவார்கள், பிரெஞ்சுக்காரர் ‘பிஸ்’ என்பார்கள். வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமே பிரான்சில் சி-வி. அங்கே ரெஸ்யூமே என்றால் சுருக்கம். ப்ராசியர் அங்கே குழந்தைச் சட்டை. இரட்டைப் பொருளைக் குறிக்கும் டபிள் ஆன்டான்ட்ரவை இன்றைய பிரெஞ்சில் தேடினால் கிடைக்காது. இவை தவறான ஆங்கிலம் ஆகிவிடமாட்டா. ஆங்கிலத்தில் அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பிரெஞ்சும் சேர்த்துப் படிக்கும் மாணவருக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

குறிகளைப் பற்றி. ரோல், ஹோட்டல், எலீட், டெபூ ஆகியவை ஆங்கிலத்தில் தலைக்குறிகளை உதிர்த்துவிட்டன. கஃபேயிலும் க்ளீஷேயிலும் பலர் இன்னும் போடுகிறார்கள். குறி இல்லாவிட்டால் வேறு சொல்லாகிவிடும் இடங்களில் போட்டே ஆகவேண்டும்: ரெஸ்யூமே குறியின்றி ‘மீண்டும் தொடங்கு’ என்னும் ரிஸ்யூம் ஆகும், அம்பலப்படுத்தும் செய்தியைக் குறிக்கும் எக்ஸ்போஸே ‘வெளிக்காட்டு’ என்னும் எக்ஸ்போஸ் ஆகும், இறைச்சி விழுதைக் குறிக்கும் பாட்டே உச்சந்தலையைக் குறிக்கும் பேட் ஆகும். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0233 தட்டினால் குறியிட்ட ‘இ’ வரும், 0231 தட்டினால் ஃபசாடுக்கு வேண்டிய வாலுள்ள ‘சி’ வரும். எண்பலகை இல்லாத மடிக்கணினியில் மேல்வரிசை எண்களால் இது நடக்காது. கைப்பேசியில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறியிட்ட வடிவங்கள் மேலே விரியும்.

தமிழாகிவிட்ட சொற்களைத் திருத்தவேண்டாம். கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் ‘சேசிஸ்’ என்பார்கள். அது அந்தத் தொழிலின் தமிழ்ச் சொல். டேபிளை ஆங்கிலேயர் தமதாக்கிக்கொண்ட அதே உரிமை பட்டறைக்காரருக்கும் உண்டு. டிப்போ, கூப்பன் எல்லாம் அந்த வகை. ஆங்கிலத்தில் பேசும்போது ஷாசி, தமிழில் பேசும்போது சேசிஸ் என்று மாணவரிடம் சொல்லுங்கள். அப்பாவின் பேச்சைப் பிள்ளை கேலி செய்யும்படி எதையும் கற்பித்துவிடக்கூடாது.

வகுப்பில் செய்யவேண்டியவை அதிகமில்லை. வாரத்துக்கு ஆறு சொல் போதும்: பழைய அடுக்கில் மூன்று, புதியதில் மூன்று, முடிந்தவரை ஒரே எழுத்துக் கூட்டம் கொண்ட ஜோடிகளாக. முதலில் ஒலியைக் கேட்கவையுங்கள், மூன்று முறை சொல்லவையுங்கள், அதற்குப் பிறகே எழுத்தைக் காட்டுங்கள். எழுத்தை முதலில் காட்டினால் கண் சொன்னதை வாய் பிடித்துக்கொள்ளும், பிறகு திருத்துவது கடினம். சொல்லோடு பொருளும் ஒரு வாக்கியமும் பன்மையும் சேர்ந்தே இருக்கட்டும். சொல்லுக்கு எதிரே ‘பழையது’, ‘புதியது’ என்று எழுதவையுங்கள். ஒரு பருவத்தில் 15 வாரம் என்று வைத்தால் 90 சொற்கள். நடைமுறைக்கு அது தாராளம்.

நடுவர்களுக்கு ஒரு சொல். பொருத்தமான தனியிடத்தை நீஷ் என்றாலும் நிச் என்றாலும், மூலிகையைப் பிரிட்டிஷ் முறையில் ஹர்ப் என்றாலும் அமெரிக்க முறையில் அர்ப் என்றாலும், பெண்கள் உள்ளாடையை லான்ஃஜரி என்றாலும் லான்ஃஜரே என்றாலும், ஒருவரின் தனித்திறமையை ஃபோர்ட் என்று ஓரசையாகச் சொன்னாலும் ஃபோர்ட்டே என்று ஈரசையாகச் சொன்னாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அகராதிகள் இரண்டையும் ஏற்றிருக்கின்றன. ‘கார்ப்ஸ்’ என்று படைப்பிரிவைச் சொன்னால் குறையுங்கள், ‘கூ ட க்ரா’ என்றால் குறையுங்கள், குறைத்த காரணத்தை மேடையைவிட்டு இறங்கிய பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கும் சிலர்